கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே செய்து கொடுக்கும் அன்பளிப்புகள்: எதைச் செய்வது, எப்போது தொடங்குவது?

குமரிமகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து சென்னையில் வேலை பார்க்கிறேன். இந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் கடையில் வாங்கிய பெட்டிகளைத் தவிர்த்து, என் கையால் செய்தவற்றையே கொடுக்க எண்ணியிருக்கிறேன். எங்கள் சுற்றத்தில் உலர்பழப் பெட்டிகள் பிரிக்கப்படாமலேயே ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்குப் பயணம் செய்வதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

பெறுகிறவர்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாகர்கோவிலில் என் பெற்றோரும் அவர்களைச் சுற்றியுள்ள நாலைந்து வீட்டாரும், தூத்துக்குடியில் என் கணவரின் பெற்றோர் (இருவருக்குமே சர்க்கரை நோய் உண்டு), அலுவலகத்தில் சில தோழிகள் (அவர்களுள் சிலர் முட்டை சாப்பிடமாட்டார்கள்), ஜெர்மனியில் படிக்கும் தம்பி. இப்போது நவம்பர் நடுப்பகுதி. எனக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிந்தைய நேரம் மட்டுமே. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாவேன்.

அத்தைவீடு எழுதியது:

மகளே, நாகர்கோவில்காரி வேறு எங்கும் தேட வேண்டாம், வறுத்த பயற்று மாவு உருண்டைகளை மாக்கரைசலில் தோய்த்துப் பொரிக்கும் முந்திரிக்கொத்தில் தொடங்கு. கிறிஸ்துமஸ் பலகாரங்களில் நெடுந்தொலைவு போவதற்கும் நெடுநாள் இருப்பதற்கும் அதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை. அதில் முட்டை இல்லை, பால் இல்லை, நெய்யும் தேவையில்லை. ஆகவே உன் பட்டியலில் சர்க்கரை நோயுள்ளவர்களைத் தவிர எல்லாருக்கும் அதைக் கொடுக்கலாம்.

செய்முறை உன் தாயாருக்குத் தெரிந்திருக்கும். எனினும், கெட்டுப்போகாமல் இருப்பதற்கான இடங்களை மட்டும் சொல்கிறேன். சிறுபயற்றை வாசம் வரும் வரை வறுத்துத் தோல் நீக்கிச் சற்றுக் கரகரப்பாகத் திரித்துக்கொள்ள வேண்டும். தேங்காய்த் துருவலில் ஈரப்பசை சிறிதும் இல்லாதபடி, அது பொன்னிறம் தாண்டிச் சிவக்கும் வரை வெறும் சட்டியில் வறுக்க வேண்டும். முந்திரிக்கொத்து சில நாள்களிலேயே சிக்கு வாடை வீசுகிறது என்று வருந்துகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் அவசரப்பட்டிருப்பார்கள். கருப்பட்டி, பயற்றின் எடைக்கு முக்கால் பங்கிலிருந்து சம பங்கு வரை, அவரவர் விருப்பப்படி. பாகைக் கம்பிப் பதம் வரை காய்ச்சி, வறுத்த எள், ஏலக்காய், சுக்குப் பொடி ஆகியவற்றோடு கலந்து, கை பொறுக்கும் சூட்டிலேயே உருட்டிவிட வேண்டும். உருண்டைகளை ஓர் இரவு ஆறவிட்டால்தான் இறுகும். மறுநாள் பச்சரிசி மாவில் சிறிது மைதாவும் மஞ்சளும் உப்பும் சேர்த்துத் தோசைமாவுப் பதத்தில் கரைத்து, மும்மூன்றாக ஒட்டும்படி எண்ணெயில் விட்டு எடுக்கலாம். மேல்மாவு நீர்த்திருந்தால் உருண்டை வெளியே தெரியும். அந்த இடம் வழியாகப் பாகு எண்ணெயில் இறங்கிக் கருகி, அடுத்த ஈட்டையும் கசப்பாக்கும்.

இரண்டு நாள் வேலை என்பதால் சனிக்கிழமை மாலை உருட்டி ஞாயிறு மாலை சுடலாம். முழுவதும் ஆறிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தால் இரண்டு வாரம் தாராளமாக இருக்கும்.

நல்லூர்க்காற்று எழுதியது:

அத்தைவீடு அம்மா குறிப்பிடும் பலகாரத்துக்கு யாழ்ப்பாணத்தில் நெருங்கிய உறவு ஒன்று உண்டு. நாங்கள் பயற்றம் பணியாரம் என்போம். வறுத்த பயற்றம் மாவைச் சீனிப்பாகிலோ சர்க்கரைப் (வெல்லப்) பாகிலோ குழைத்துப் பிடித்து, மாக்கரைசலில் தோய்த்துப் பொரிப்பதுதான் அதுவும். திருமண வீடுகளுக்குச் செய்வது போலவே நத்தாருக்கும் (கிறிஸ்துமஸுக்கும்) செய்து அயலவர்களுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம்.

ஆனால் நத்தார் அன்பளிப்பு என்றால் இலங்கையில் முதலில் நினைவுக்கு வருவது ரிச் கேக்தான். ரவை, முந்திரிப்பருப்பு, நறுக்கிய உலர்பழங்கள், சீனிப்பாகில் பதப்படுத்திய நீற்றுப்பூசணித் துண்டுகள் எல்லாம் சேர்ந்த கனமான கேக் அது. முழுக் கேக்காகக் கொடுப்பதில்லை. விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் எண்ணெய்க் கடதாசியில் சுற்றி, அதன்மேல் நிறக் கடதாசியால் மடித்துக் கொடுப்போம். ஒரு கேக்கைக் கொண்டு பல வீடுகளை நிறைவு செய்யலாம் என்பதோடு, பெறுகிறவர்களுக்கும் வெட்டிய கேக் காய்ந்துபோகுமே என்ற கவலை இல்லை. சகோதரியின் அலுவலகத் தோழிகளுள் முட்டை உண்பவர்களுக்கு இது பொருந்தும் என நினைக்கிறேன்.

பழங்களைப் பிராந்தியில் ஊறவிடுகிறவர்கள் மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். மதுவை விரும்பாதவர்கள் தோடம்பழச் (ஆரஞ்சுச்) சாற்றில் ஊறவிடுவார்கள். அப்படியானால் குளிர்சாதனப் பெட்டியில் ஒன்றிரண்டு நாள்களுக்கு மேல் வைக்கக் கூடாது, ஏனெனில் சாறு தானாகவே புளிக்கத் தொடங்கிவிடும். அப்படிச் செய்த கேக்கும் பிராந்தியில் ஊறியது போல நெடுநாள் இருக்காது.

மறுபக்கம் எழுதியது:

எல்லாரும் இனிப்பிலேயே நிற்பது எனக்கு விளங்கவில்லை. டிசம்பர் கடைசி வாரத்தில் ஒரு கிறிஸ்தவ வீட்டுக்கு இனிப்பு கொடுப்பது, கடலோரத்தில் இருப்பவருக்கு உப்பு கொண்டுபோவதற்குச் சமம். அவர்கள் வீட்டிலேயே டின் டின்னாக முறுக்கும் கல்கலும் நிறைந்திருக்கும். நீங்கள் கொடுத்ததும் அந்த வரிசையில் சேர்ந்து, ஜனவரி நடுவில் பொங்கல் வேலை தொடங்கும்போது வெளியே போகும். அதிலும் சர்க்கரை நோயுள்ள பெரியவர்கள் இருவர் இருக்கும் வீட்டுக்குப் பலகாரம் அனுப்புவதை அன்பு என்று எப்படிச் சொல்வது? உணவல்லாத பொருள் ஒன்றை யோசிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அத்தைவீடு எழுதியது:

மறுபக்கம் ஐயா, பலகாரத் தட்டு கிறிஸ்தவ வீடுகளுக்குள் மட்டும் சுற்றுவதில்லையே. எங்கள் தெருவில் அது முதலில் போவது இந்து வீடுகளுக்கும் இஸ்லாமியர் வீடுகளுக்கும்தான். தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் அங்கிருந்து வந்ததற்கு மறுமொழியாக அது போகிறது. அந்த வீடுகளில் டிசம்பரில் முந்திரிக்கொத்து இருக்காது. ஆகையால் நீங்கள் சொல்வது உறவினர்களுக்குப் பொருந்தும், அண்டை வீட்டாருக்குப் பொருந்தாது.

தூத்துக்குடிப் பெரியவர்களைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். சீனிக்குப் பதில் கருப்பட்டி போட்டால் அவர்கள் சாப்பிடலாமே என்று யாராவது எழுதுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: சாப்பிடக் கூடாது. கருப்பட்டியில் சுவையும் மணமும் வேறு. அதிலும் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சர்க்கரைதான். “கருப்பட்டிதானே” என்று நம்பி இரண்டு மடங்கு தின்றுவிடுகிற பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உடன்குடியான் எழுதியது:

வழிமொழிகிறேன். எங்கள் ஊரான உடன்குடியின் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கும் பெருமைதான். அதற்காக அது மருந்தாகிவிடாது. வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: மழைக்காலத்தில் கருப்பட்டி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசியும். மழை வலுப்பதற்கு முன்பே வாங்கி, இறுக மூடிய பாத்திரத்தில், அடுப்புக்கு அருகே வைத்துக்கொள்வது நல்லது.

சோப்புச்சட்டி எழுதியது:

உணவல்லாத பொருள் என்ற பேச்சு வந்ததால் எழுதுகிறேன். சில ஆண்டுகளாக என் நண்பர்களுக்குக் கிறிஸ்துமஸ் அன்பளிப்பாகத் தேங்காய் எண்ணெய்ச் சோப்பு செய்து கொடுத்து வருகிறேன். குமரிமகள் தோழி நவம்பர் நடுவிலேயே கேட்டது நல்லதாகப் போயிற்று, ஏனெனில் அச்சிலிருந்து எடுத்த சோப்பு காற்றோட்டமுள்ள இடத்தில் குறைந்தது நான்கு வாரம் உலர வேண்டும். நவம்பர் கடைசி ஞாயிறுக்குப் பிறகு தொடங்கினால் கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகாது. புத்தாண்டுக்கு வேண்டுமானால் ஆகும்.

500 கிராம் தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற ஏறத்தாழ 91 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். ஆனால் அப்படிச் செய்த சோப்பு பாத்திரம் துலக்கத்தான் உதவும். உடம்புக்குப் போட்டால் தோல் வறண்டுவிடும். குளியல் சோப்புக்கு எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு மாறாமல் தங்கும்படி 73 கிராம் அளவோடு நிறுத்திக்கொள்கிறேன். 180 கிராம் தண்ணீர் போதும். இந்த அளவுகளைக் கரண்டியாலோ டம்ளராலோ எடுக்காமல், கிராம் காட்டும் தராசிலேயே நிறுக்க வேண்டும்.

காஸ்டிக் சோடாவைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும். அதன்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தில் ஊற்றினால் பாத்திரம் அரிக்கப்பட்டு, தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் எவர்சில்வர் பாத்திரமே வேண்டும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, ஜன்னலைத் திறந்துவைத்து, குழந்தைகள் வீட்டில் இல்லாத நேரத்தில் செய்யுங்கள். இவ்வளவு எச்சரிக்கைக்கு ஆயத்தமில்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காஸ்டிக் சோடா இல்லாமல் சோப்பு செய்வதாகக் காட்டும் காணொளிகளில் நடப்பது, ஏற்கெனவே செய்யப்பட்ட சோப்புக் கட்டியை உருக்கி வேறு அச்சில் ஊற்றுவதே.

மறுபக்கம் எழுதியது:

நன்றி. இதைத்தான் எதிர்பார்த்தேன். மெழுகுவத்தியும் செய்யலாம் என்று படித்திருக்கிறேனே?

சோப்புச்சட்டி எழுதியது:

செய்யலாம், ஆனால் பரிந்துரைக்கமாட்டேன். மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்காமல் சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துத்தான் உருக்க வேண்டும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூடிதான் போட வேண்டும். அவ்வளவு பாடுபட்டுச் செய்தாலும், நம் ஊர் வெயிலில் பூட்டிய காருக்குள் ஒரு மதியம் இருந்தால் வளைந்துவிடும்.

கேள்விக்குறி எழுதியது:

எங்கள் பாட்டி வீட்டில் திராட்சை வைன் போட்டு, கிறிஸ்துமஸ் அன்று உறவினர்களுக்கு ஒவ்வொரு பாட்டில் கொடுப்பார்கள். அதை யாரும் இங்கே குறிப்பிடாதது வியப்பாக இருக்கிறது.

அத்தைவீடு எழுதியது:

குறிப்பிடாததற்குக் காரணம் உண்டு, தம்பி. 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி உரிமமில்லாமல் மது தயாரிப்பதே குற்றம். வீட்டுக்குள், பண்டிகைக்கு என்பதெல்லாம் அதற்கு விலக்காகாது. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், புளித்து முடியாத சாற்றைப் பாட்டிலில் இறுக மூடினால் உள்ளே வாயு சேர்ந்து கண்ணாடி வெடிக்கும். அதை ஒருவர் பையில் வைத்து அனுப்புவதை நினைத்துப்பார். நன்னாரி வேரை ஊறவைத்துக் காய்ச்சிய கெட்டியான சர்பத் கொடு. அதற்கும் பாட்டில்தான், அழகும் உண்டு, எல்லா மதத்தாரும் குடிக்கலாம்.

வறுத்தரைத்தவள் எழுதியது:

தூத்துக்குடி மாமனார், மாமியாருக்கு என் யோசனை கறி மசாலாப் பொடி. கிறிஸ்துமஸ் அன்று எந்த வீட்டிலும் கறிக்குழம்பு இருக்கும். அதற்கு முந்தைய வாரம் வந்து சேரும் புது மசாலா உடனே பயன்படும், இனிப்பும் அல்ல. கொத்தமல்லி, வற்றல் மிளகாய், மிளகு, சீரகம், சோம்பு, பட்டை, கிராம்பு, ஏலக்காய் ஆகியவற்றைத் தனித்தனியாக, சிறுதீயில், வெறும் சட்டியில் வறுக்க வேண்டும். ஒன்றாகக் கொட்டி வறுத்தால் மல்லி சூடேறுவதற்குள் சீரகம் கருகிவிடும். டிசம்பரில் வெயிலை நம்பி மிளகாயை மாடியில் பரப்பவே கூடாது. தேங்காய் சேர்த்து வறுத்தரைப்பது நம் குமரி மாவட்டச் சுவைதான் என்றாலும், அன்பளிப்புப் பொடியில் தேங்காய் வேண்டாம். தேங்காயில்லாத பொடி மாதக்கணக்கில் இருக்கும். சமைக்கும்போது தேங்காயை அவர்களே சேர்த்துக்கொள்ளட்டும். பொடியில் உப்பும் சேர்க்காதீர்கள், ஏனெனில் வயதானவர்களுக்கு இரத்த அழுத்தக் கணக்கும் இருக்கும்.

ஒரு தாளில் “அரை கிலோ கறிக்கு இவ்வளவு பொடி” என்று எழுதி வையுங்கள். அது இல்லாவிட்டால் மாமியார் தம் பழைய மசாலாவின் அளவிலேயே போட்டுவிட்டு, மருமகளின் பொடி காரம் என்று சொல்லிவிடுவார். இது அனுபவம் அல்ல, பொது அறிவு!

முத்துநகர் எழுதியது:

தூத்துக்குடிக்கு அனுப்புகிறீர்கள் என்பதால் ஓர் எச்சரிக்கை: மக்ரூன் மட்டும் செய்து அனுப்பிவிடாதீர்கள். முட்டை வெள்ளைக்கருவும் சீனியும் முந்திரிப்பருப்பும் சேர்ந்த அது ஈரக்காற்றுப் பட்டால் நமுத்துவிடும். மேலும், மக்ரூன் தூத்துக்குடியின் பெயர்பெற்ற இனிப்பு என்பதால், அதை வெளியூரில் யார் செய்தாலும் எங்கள் ஊர்க்காரர்கள் பாராட்டுவதில்லை.

மழைப்பயணி எழுதியது:

நான் சொல்ல வந்தது காலத்தைப் பற்றியது. வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை நீளும் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழையை மறந்திருக்கமாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் அதிகமாகப் பதிவானது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. அப்படியொரு மழை ஆண்டுதோறும் வராது என்றாலும், தென்மாவட்டங்களுக்கு அனுப்பும் பார்சல் கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு சேரும்படி திட்டமிடுவது விவேகமன்று. டிசம்பர் இரண்டாம் வாரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய பொருளாகவும், நடுவில் ஒரு வாரம் முடங்கினாலும் கெடாத பொருளாகவும் இருக்க வேண்டும். மசாலாவும் சோப்பும் அந்த வகை. முந்திரிக்கொத்து ஓரளவுக்கு. கேக் அல்ல.

குமரிமகள் எழுதியது:

இத்தனை பேர் இவ்வளவு கருத்தோடு எழுதியதற்கு மிக்க நன்றி. நான் நினைத்திருந்தது எல்லாருக்கும் ஒரே பெட்டி, ஒரே பொருள். இப்போது வீட்டுக்கு வீடு மாற்ற வேண்டும் என்று தெரிகிறது. அத்தை மாமாவுக்கு மசாலா. நாகர்கோவிலில் அம்மாவின் அண்டை வீட்டாருக்கு முந்திரிக்கொத்து. அதை ஊருக்குப் போய் அம்மாவோடு சேர்ந்து சுடுவேன். இரவில் வரும் கேரல் குழுவினருக்கும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். தோழிகளுக்குச் சோப்பு.

எஞ்சியிருப்பவை இரண்டு ஐயங்கள். பொதிவதற்கு எதைப் பயன்படுத்துவது? தம்பிக்கு எதை அனுப்பலாம், எதை அனுப்பக் கூடாது?

ஓலைக்கொட்டான் எழுதியது:

முதல் ஐயத்துக்கு என் மறுமொழி. பலகாரத்தைச் செய்தித்தாளில் பொதிய வேண்டாம்; அச்சு மை எண்ணெயில் கரைந்து உணவில் ஏறும் என்பதால், உணவைச் செய்தித்தாளில் பொதிவதை 2018-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புப் பொதிகட்டு விதிகள் தடை செய்திருக்கின்றன. மெல்லிய பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. ஆகவே உள்ளே பட்டர் பேப்பர், வெளியே பனை ஓலைப் பெட்டி. தூத்துக்குடி மாவட்டத்தில் மணப்பாட்டுப் பெண்கள் முடையும் மூடியுள்ள ஓலைப்பெட்டிகள் இதற்கென்றே அமைந்தவை. செட்டிநாட்டுக் கொட்டான்களும் அழகானவை, ஆனால் விலை சற்றுக் கூடுதல். பலகாரம் தீர்ந்த பிறகும் பெட்டி வீட்டில் பயன்படும்.

ஓலைப்பெட்டி காற்றை உள்ளே விடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். இரண்டு மூன்று நாள்களில் தின்று தீர்ப்பதற்கு அது போதும். தொலைவுக்கு அனுப்புவதை முதலில் டின்னில் அடைத்துவிட்டு, டின்னை ஓலைப்பெட்டிக்குள் வையுங்கள். எதில் அடைத்தாலும் பலகாரம் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். வெதுவெதுப்பாக மூடினால் ஆவி மூடியில் நீராகி, காலையில் முறுக்கு முறியாது, வளையும்.

எல்லாப் பெட்டியிலும் செய்த தேதியையும், முட்டை, வேர்க்கடலை, முந்திரி, எள் இவற்றில் எவை சேர்ந்துள்ளன என்பதையும் எழுதி ஒட்டுங்கள். அலுவலகத்தில் ஒருவருக்கு எள் ஒவ்வாமை இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ரைன்கரை எழுதியது:

ஜெர்மனியில் இருப்பவன் என்ற முறையில் இரண்டாம் ஐயத்துக்கு எழுதுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து தனிநபர் அனுப்பும் பார்சலில் இறைச்சிக்கும் பால் பொருள்களுக்கும் இடமில்லை. பால்கோவா, நெய், கருவாட்டுப் பொதியோடு சேர்த்து அனுப்பும் உப்புக்கண்டம் எல்லாம் அம்மாக்களுக்குப் பிடித்தவை. இறைச்சியையும் பாலையும் கண்டால் சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். முந்திரிக்கொத்து, முறுக்கு, மசாலாப் பொடி ஆகியவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

தனிநபர் தனிநபருக்கு அனுப்பும் அன்பளிப்பின் மதிப்பு 45 யூரோவுக்குள் இருந்தால் சுங்கவரி இல்லை. படிவத்தில் “உணவுப் பொருள்” என்று பொதுவாக எழுதாமல், வறுத்த பயற்று இனிப்பு, மசாலாப் பொடி என்று தனித்தனியாக எடையோடும் மதிப்போடும் எழுதுங்கள். தெளிவில்லாத பார்சலைத்தான் நிறுத்திவைத்து, பெறுகிறவரைச் சுங்க அலுவலகத்துக்கு அழைப்பார்கள். நவம்பர் கடைசிக்குள் அனுப்பிவிட வேண்டும் என்பதால், அம்மாவோடு சேர்ந்து சுடும் ஈட்டுக்குக் காத்திராமல் தம்பிக்கென்று சிறிய ஈடு ஒன்றை இந்த வாரமே சென்னையில் சுட்டுவிடுங்கள்.

சோப்புச்சட்டி எழுதியது:

தோழிகளுக்கான சோப்பைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. டிசம்பர் 20 தாண்டினால் அலுவலகத்தில் பாதிப் பேர் விடுப்பில் போய்விடுவார்கள். அதற்குள் கொடுக்க வேண்டுமானால் வரும் ஞாயிற்றுக்கிழமையே ஊற்றிவிடுங்கள். தராசு இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள்.